கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பிரதமரானால் ஆட்சி நன்றாக இருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினாலே இந்த வாக்குவாதம் டீக்கடையிலும் வாட்ஸாப் குழுக்களிலும் கிளம்பிவிடும். சாமி கும்பிடாத ஒருவர் வந்தால்தான் நாடு உருப்படும் என்று சிலர் சொல்வார்கள். தெய்வ பயம் இல்லாதவன் எதற்கும் துணிவான் என்று வேறு சிலர் சொல்வார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனாலேயே என்னைப் போல நம்பிக்கை இல்லாத நண்பர்கள் முதல் வாதத்தைச் சுலபமாக நம்பிவிடுவது எனக்குக் கவலை தருகிறது. இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, நடந்த வரலாற்றை வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நன்றாக ஆள்வாரா, மாட்டாரா?

நம்பிக்கை இல்லை என்ற ஒன்றை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஒரு தலைவர் தனிமையில் யாரைக் கும்பிடுகிறார் என்பதைவிட, பெரும்பான்மையினர் தங்கள் மதத்தின் பெயரால் அரசிடம் ஒன்றைக் கேட்டு நெருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதுதான் ஆட்சியைத் தீர்மானிக்கிறது. அந்த நெருக்கடியில் உறுதியாக நின்ற பக்தர்களும் உண்டு, வளைந்துபோன நாத்திகர்களும் உண்டு.

நேருவைப் பாருங்கள். அவருக்கு நம்பிக்கை இல்லை, மதச்சார்பற்ற இந்தியாவைக் கட்டினார். அது போதாதா?

நேருவின் கதையை முழுதாகப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு நியாயம் கிடைக்கும்.

கடவுள் உண்டா இல்லையா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்ற நிலையில் இருந்தவர் அவர். தான் இறந்த பிறகு எந்த மதச் சடங்கும் செய்யக் கூடாது, பெயருக்குச் செய்தால்கூட அது பாசாங்காகும் என்று 1954-இல் உயிலில் எழுதிவைத்தார். 1964 மே மாதம் அவர் இறந்தபோது இந்துச் சடங்குகளோடுதான் தகனம் நடந்தது. நாட்டின் பிரதமராக 17 ஆண்டுகள் இருந்தவரின் கடைசி விருப்பத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு தனிமனிதரின் அவநம்பிக்கைக்கு அரசியலில் எவ்வளவு எல்லை இருக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

அவர் உறுதியாக நின்ற இடத்துக்கு சோமநாதர் கோயில் விவகாரம் நல்ல சாட்சி. குஜராத்தில் இடிந்து கிடந்த அந்தக் கோயிலை மறுபடி எழுப்பும் முயற்சியை 1947-இல் படேல் தொடங்கிவைத்தார். செலவு மக்களின் நன்கொடையிலிருந்து வரவேண்டும், அரசுக் கருவூலத்திலிருந்து அல்ல என்று காந்தி சொன்னார். காந்தியைவிடப் பெரிய பக்தரை அந்தக் காலத்து அரசியலில் தேடுவது கஷ்டம். அவரே போட்ட கோடு அது. 1951 மே மாதம் கோயில் திறப்புக்குக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் போக முடிவு செய்தபோது, வேண்டாம் என்று நேரு எழுதினார். இது அரசு விழா அல்ல என்று முதலமைச்சர்களுக்கும் கடிதம் அனுப்பினார். விழாவுக்காக வெளிநாட்டு ஆறுகளின் நீரை அனுப்பும்படி இந்தியத் தூதரகங்களைக் கேட்டிருந்தார்கள்; அதையும் ஆட்சேபித்தார். பிரசாத் போனார், விழா நடந்தது. ஆனால் அரசின் எல்லை எது என்பதைப் பிரதமர் எழுத்தில் பதிவு செய்தார்.

அடுத்து இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா. பெண்களுக்கு விவாகரத்து உரிமை, சொத்துரிமை, ஒருதார மணம் ஆகியவற்றைக் கொண்டுவரும் மசோதா அது. சட்ட அமைச்சர் அம்பேத்கர் அதற்காக உயிரைக் கொடுத்து உழைத்தார். எதிர்ப்பு கட்சிக்கு உள்ளிருந்தே வந்தது; இராஜேந்திர பிரசாத்தும் எதிர்த்தார். நேரு தயங்கினார், தள்ளிப்போட்டார். 1951 செப்டம்பரில் அம்பேத்கர் பதவி விலகினார். விலகியதற்கு அவர் சொன்ன காரணங்களில் இந்த மசோதா முக்கியமானது. அப்புறம் வந்த முதல் பொதுத் தேர்தலில், இந்த மசோதாவை எதிர்ப்பதையே முழக்கமாக வைத்து பிரபுதத் பிரம்மச்சாரி என்ற துறவி நேருவை எதிர்த்து நின்றார். நேரு வென்றார். மக்களின் தீர்ப்பு கையில் இருந்த தைரியத்தில் மசோதாவை நான்காகப் பிரித்து 1955, 1956 ஆண்டுகளில் சட்டமாக்கினார். நேருவின் பகுத்தறிவு 1951-இலும் அவரிடம் இருந்தது, 1955-இலும் இருந்தது. இடையில் வந்து சேர்ந்தது தேர்தல் வெற்றி.

அப்படியானால் நேரு எங்கேயும் சறுக்கவில்லையா?

சறுக்கினார். தமிழ்நாட்டில் பல லட்சம் பேரின் வாழ்க்கையை இன்றுவரை தொடும் ஒரு சறுக்கலைச் சொல்கிறேன்.

1950 ஆகஸ்டில் பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று அதில் ஒரு பத்தி. பஞ்சாபின் சில சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆணையில் கையெழுத்து குடியரசுத் தலைவருடையது, முடிவு நேருவின் அமைச்சரவையுடையது. 1956-இல் தலித் சீக்கியர்கள் எல்லோரும் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்கள் 1990 வரை காத்திருந்தார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். தேவாலயத்துக்கு உள்ளேயே தனி வரிசையும் தனிக் கல்லறையும் பார்த்த மக்களிடம், மதம் மாறியதும் தீண்டாமை போய்விட்டது என்று அரசு சொன்னது. இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற நம்பிக்கையற்ற தலைவரின் ஆட்சியில் நடந்தது இது. நேருவை மதிக்கிற நான் இதை மூடிமறைக்க விரும்பவில்லை.

1959-இல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் ஆட்சியை நேரு அரசு கலைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலைத்தவருக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை, கலைக்கப்பட்டவருக்கும் இல்லை. கலைப்புக்கு இட்டுச்சென்ற போராட்டத்தில் முன்னணியில் நின்றவை கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சமூக அமைப்பான என்.எஸ்.எஸ்.ஸும்.

நம்பிக்கை இல்லாதவர் குறைந்தபட்சம் மதவாதத்துக்கு இடம்கொடுக்க மாட்டார் அல்லவா?

இதைத்தான் பலரும் உறுதியாக நம்புகிறார்கள். அதிகம் அடிவாங்கும் நம்பிக்கையும் இதுதான்.

பாகிஸ்தானின் சுல்பிகர் அலி பூட்டோ மதப்பற்றுக்குப் பெயர்போனவர் அல்ல. தான் மது அருந்துவதைப் பொதுக்கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டவர். அவருடைய ஆட்சியில்தான், 1974 செப்டம்பரில், தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்று அரசியலமைப்பே திருத்தப்பட்டது. 1977-இல் எதிர்க்கட்சிகளின் கிளர்ச்சி முற்றியபோது மதுவைத் தடை செய்தார், வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாக்கினார். அவற்றால் பதவி மிஞ்சவில்லை. ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்து வந்த ஜியா உல் ஹக் உண்மையிலேயே மதப்பற்றாளர். பூட்டோ திறந்துவிட்ட கதவு வழியாக அவர் வெகுதூரம் போனார்.

இலங்கையின் 1972 அரசியலமைப்பு தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்ற வாசகம் முதன்முதலாக அந்த அரசியலமைப்பில்தான் ஏறியது. சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த, அதற்கு முன் நடப்பில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவும் அதோடு போனது. இதை வரைந்து நடத்திக்கொடுத்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களில் ஒருவர், ட்ரொட்ஸ்கியின் வழியில் வந்த மார்க்சியவாதி. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்த 1950-களில், ஒரு மொழி என்றால் இரண்டு நாடாகும், இரண்டு மொழி என்றால் ஒரு நாடாக இருக்கும் என்று எச்சரித்தவரும் இவரேதான். எந்த விகாரையிலும் அவருக்கு வேலை இல்லை. ஆனால் கூட்டணிக்கும் சிங்கள வாக்குக்கும் வேலை இருந்தது.

அதே காலத்தில் இலங்கையின் வடக்கில் நிலைமை வேறு. தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா ஆழ்ந்த கிறிஸ்தவர். பெரும்பாலும் சைவர்கள் வாழும் காங்கேசன்துறை அவரை 1956 முதல் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது. அவர் மதத்தைச் சொல்லி எதிராளிகள் பிரசாரம் செய்தும் பார்த்தார்கள். தன் மதத்துக்கென்று அவர் அரசிடம் எதையும் கேட்டதில்லை என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆஸ்திரேலியாவுக்கும் போய்வரலாம். ஜூலியா கில்லார்ட் 2010-இல் பிரதமரான சில நாட்களில், தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வானொலிப் பேட்டியில் சொன்னார். பாராட்ட வேண்டிய நேர்மை. அதே கில்லார்ட் ஒருபாலினத் திருமணத்தை எதிர்த்து 2012-இல் நாடாளுமன்றத்தில் வாக்களித்தார். பள்ளிகளில் மதகுருமாரை ஆலோசகர்களாக வைக்கும் திட்டத்துக்குக் கூடுதல் நிதி கொடுத்து நீட்டித்தார். ஒருபாலினத் திருமணம் சட்டமானது 2017-இல், கத்தோலிக்கரான மால்கம் டர்ன்புல் ஆட்சியில்.

ஏன் இப்படி நடக்கிறது?

பக்தரென்று பெயரெடுத்த தலைவர் தன் மதத்தாரிடம் "இது வேண்டாம்" என்று சொன்னால், நம்மாள்தானே சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வார்கள். அதையே நம்பிக்கை இல்லாதவர் சொன்னால் "இவன் நம்மை வெறுக்கிறான்" என்றாகிவிடும். அதனால் நம்பிக்கை இல்லாத தலைவர் தான் மதத்துக்கு எதிரியல்ல என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. அந்த நிரூபணத்துக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் சிறுபான்மையினர், பெண்கள், விளிம்பில் இருப்பவர்கள். இது என் கணிப்பு. ஆனால் மேலே சொன்ன மூன்று நாடுகளின் கதையையும் என்னால் இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

பக்தர்கள் ஆண்டால் சமூகச் சீர்திருத்தம் நடக்குமா என்ன?

நடந்திருக்கிறது. தேசியத் தலைவர்களை விட்டுவிட்டு இரண்டு முதலமைச்சர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் இவ்வளவு துல்லியமான ஒப்பீடு வேறெங்கும் கிடைக்காது.

1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குப் போலப் பிறப்பாலேயே உரிமை கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த உரிமையை 1989-இல் கொடுத்தவர் கருணாநிதி, பெரியார் பள்ளியில் வந்த நாத்திகர். அவருக்கு முன்பே, 1986-இல், ஆந்திரத்தில் கொடுத்தவர் என்.டி.ராமராவ். திரையில் கிருஷ்ணராகவும் ராமராகவும் நின்றவர், முதலமைச்சரான பின் காவி உடுத்தியவர். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு இரண்டு வழியில் வந்து சேர்ந்தார்கள். நாடு முழுவதற்கும் இந்த உரிமை 2005-இல்தான் வந்தது.

நாத்திகர் ஆண்டால் கோயிலுக்கும் பக்தர்களுக்கும் பாதுகாப்பு இருக்குமா?

இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. கேட்பவர்கள் உண்மையாகவே கேட்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றுகிடந்தது. அது மீண்டும் ஓடியது 1970-இல், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது.

நியூசிலாந்தின் ஜெசிந்தா ஆர்டர்ன் மோர்மன் குடும்பத்தில் வளர்ந்து அந்த நம்பிக்கையை விட்டு விலகியவர். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் தொழுதுகொண்டிருந்த 51 பேர் கொல்லப்பட்டார்கள். அவர் தலையில் முக்காடிட்டுப் போய் அந்தக் குடும்பங்களைக் கட்டிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் அரைத் தானியங்கி ரகத் துப்பாக்கிகளுக்கு எதிரான சட்டம் 119-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. தனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றை இன்னொருவர் அச்சமின்றி நம்புவதற்கு அரசு காவல் நிற்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாகச் செய்துகாட்டிய தலைவர் என் நினைவில் இல்லை.

ஸ்டாலின், என்வர் ஹோஜா எல்லாம் நாத்திகர்கள்தானே?

ஆமாம். மழுப்புவதில் பயனில்லை. அல்பேனியாவை உலகின் முதல் நாத்திக நாடு என்று ஹோஜா 1967-இல் அறிவித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மசூதிகள், தேவாலயங்கள், பிற வழிபாட்டு இடங்கள் மூடப்பட்டன. மதகுருமார் சிறைக்குப் போனார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். தலைவருக்கு நம்பிக்கை இல்லை என்பது ஒன்று, நாட்டுக்கே நம்பிக்கை இருக்கக் கூடாது என்பது வேறு. இரண்டாவதைச் செய்யும் அரசு, மதம் திணிக்கும் அரசைப் போலவே வீட்டுக்குள் நுழைகிறது.

ஸ்டாலினைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை 1931-இல் வெடிவைத்துத் தகர்த்த அதே அரசு, ஜெர்மானியரோடு போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அனுமதி கொடுத்தது. தேவைப்பட்டபோது மதமும் ஆயுதமானது.

அறிவியல் விஷயத்திலாவது மேலாக இருப்பார்களே?

இருக்க வாய்ப்பு அதிகம் என்று நானும் நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். முதல் ஐ.ஐ.டி. 1951-இல் கரக்பூரில் வந்தது, அணுசக்தி ஆணையம், அணைகள் எல்லாவற்றிலும் நேருவின் மனப்போக்கு தெரிகிறது. ஆனால் டெல்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையை 1956-இல் நிறுவப் பாடுபட்ட அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌர் பக்தியுள்ள கிறிஸ்தவர். எதிர்த்திசையில், அறிவியலின் பெயராலேயே ஆண்ட சோவியத் அரசு 1948-இல் மரபியலை முதலாளித்துவப் பொய் என்று ஒதுக்கி மரபணுவையே மறுத்த வேளாண் நிபுணர் லைசென்கோவின் கற்பனைகளை ஏற்றுக்கொண்டது. லைசென்கோவை எதிர்த்த உலகப் புகழ்பெற்ற தாவரவியலாளர் வவிலோவ் அதற்கு முன்பே, 1943-இல், சிறையில் இறந்துபோனார். விஞ்ஞானி மறுத்துப் பேசினால் வேலை போகாது, தலை போகாது என்ற நிலை இருக்கிறதா என்று பாருங்கள். அறிவியலுக்கு அதுதான் அடிப்படை.

ஸ்வீடன், டென்மார்க் எல்லாம் மதப்பற்று குறைந்த நாடுகள், நன்றாக இருக்கின்றனவே?

நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எது முதலில் வந்தது? கல்வியும் மருத்துவமும் ஓய்வூதியமும் எல்லோருக்கும் கிடைத்த பிறகு அங்கே வழிபாடு குறைந்தது என்று சொல்லவும் நிறைய நியாயம் இருக்கிறது. டென்மார்க்கில் அரசு ஆதரவு பெற்ற தேசியத் திருச்சபை இன்னும் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கடவுளுக்குப் பயப்படாதவர் ஊழலுக்கு எப்படிப் பயப்படுவார்?

பிடிபடுவோம் என்ற பயம் போதும். கடவுளை மறுப்பதும் இல்லை, ஏற்பதும் இல்லை என்றிருந்தவர் சிங்கப்பூரின் லீ குவான் யூ. 1960-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைக் கடுமையாக்கி, விசாரணை அமைப்புக்குப் பற்கள் கொடுத்தார். 1986-இல் அந்த அமைப்பு அவருடைய அமைச்சர் தே சியாங் வானையே விசாரித்தது. எதிர்க்கட்சிகளையும் பத்திரிகைகளையும் அவர் நடத்திய விதத்தை நான் ஏற்கவில்லை. ஊழல் விஷயத்தில் மட்டும் அந்த உதாரணம் நிற்கிறது. நம் ஊரில் உண்டியலில் கட்டுக்கட்டாகப் பணம் போடுபவர்களின் வருமானக் கணக்கை யாராவது கேட்டால் இந்தக் கேள்விக்கு மறுபாதிப் பதிலும் கிடைத்துவிடும்.

இந்தியாவில் நாத்திகர் பிரதமராகச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

தாராளமாக. பதவிப் பிரமாணத்தைக் கடவுள் பெயரால் எடுக்கலாம், உளமார உறுதிகூறியும் எடுக்கலாம். அரசியலமைப்பின் முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு; தோற்றது. எதிர்த்தவர்களில் பலர் நம்பிக்கையாளர்கள். கடவுள் மேல் வாக்களிக்கும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார்.

அமெரிக்காவில் டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்களின் அரசியலமைப்பில், கடவுளை ஏற்காதவர் பதவி வகிக்க முடியாது என்ற பொருள்படும் வாசகங்கள் இன்னும் இருக்கின்றன. 1961-இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாததாக்கிவிட்டது. நாத்திகருக்கு வாக்களிக்கத் தயார் என்று 1958-இல் கேலப் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 18 சதவீதம். 2019-இல் 60 சதவீதம்.

பதவியில் இருப்பவர் கோயிலுக்கோ மசூதிக்கோ போகவே கூடாதா?

போகட்டும், அது அவர் உரிமை. அரசுச் செலவில், அரசு விழாவாக, அரசின் முதன்மைப் பூசாரி மாதிரி போவதைத்தான் எதிர்க்க வேண்டும்.

சரி, வாக்களிக்கும் முன் வேட்பாளரிடம் என்ன கேட்கலாம்?

சாமி கும்பிடுவீர்களா என்று கேட்காதீர்கள். குறிப்பாகக் கேளுங்கள். உங்கள் சொந்த மதத்தார் கூட்டமாக வந்து ஒரு புத்தகத்தைத் தடை செய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள்? சாதி மாறியோ மதம் மாறியோ திருமணம் செய்துகொண்டு காவல் நிலையத்துக்கு ஓடிவரும் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கச் சொல்வீர்கள்?

அப்புறம் அந்த 1950 ஆணையைப் பற்றியும் கேளுங்கள். மத வரம்பை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றத்தில் 2004-இல் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2022-இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் பட்டியல் சாதி உரிமை கொடுக்க நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா என்று கேட்டு, பதில் வரும்வரை மைக்கை விடாதீர்கள்.